இல்லுமினாட்டியா, பி2 லாட்ஜா?
உலகத்தையே ஆட்டிப்படைப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் இல்லுமினாட்டி என்ற ரகசியச் சங்கம், 1776 மே 1-இல் இன்றைய ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் இங்கோல்ஸ்டாட்டில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கியது. 1785-க்குள் அரசு தடை போட்டு நசுக்கிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது 1789-இல். ஆனாலும் பழி இவர்கள் தலையில் விழுந்தது.

எனக்கு உண்மையில் பயம் தருவது இத்தாலியின் பி2 லாட்ஜ்தான். லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி இல்லை, ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் கிளை; பி2 ரகசியமாக இயங்கிய ஒன்று. 1981 மார்ச்சில் அரெஸ்ஸோ அருகே, ஒரு துணி ஆலையில் இருந்த பி2 தலைவர் லிச்சோ ஜெல்லியின் அலுவலகத்தைச் சோதனை போட்டபோது உறுப்பினர் பட்டியல் சிக்கியது. மொத்தம் 962 பெயர்கள்! அமைச்சர்கள், ராணுவத் தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள், அப்புறம் பிற்காலத்தில் பிரதமரான பெர்லுஸ்கோனி. பட்டியல் வெளியானதும் அப்போதைய பிரதமர் ஃபோர்லானியின் அரசு கவிழ்ந்தது. 1982-இல் சட்டம் போட்டே லாட்ஜைக் கலைத்தார்கள்.