ஏற்காடு: பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் போய்த் தங்க ஏற்ற ஏரிக்கரை ஊர்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகக் கையில் பணம் போதாதவர்கள் போகிற இடம் என்ற எண்ணம் ஏற்காட்டைப் பற்றி நெடுங்காலமாக இருந்துவருகிறது. ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பட்டப்பெயரும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் முழங்கால் வலியுள்ள அம்மாவையும் ஓரிடத்தில் நில்லாத பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வார நாட்களில் அங்கே தங்கி வந்த எனக்கு, ஊர் கைக்கடக்கமாக இருப்பதே அதைவிடப் பெரிய வசதியாகத் தோன்றியது. ஏரி, பூங்கா, கடைவீதி, பேருந்து நிறுத்தம், சாப்பாட்டுக் கடைகள் என எல்லாமே ஒன்றுக்கொன்று நடக்கிற தூரத்தில் இருப்பதால், காலையில் புறப்பட்டால் இரவு வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் அவஸ்தை இங்கே இல்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். சேலம் ஜங்ஷன் வரை ரயிலில் வந்து, புதிய பேருந்து நிலையத்தில் அரசுப் பேருந்து ஏறிவிட்டால் போக்குவரத்துச் செலவு மிகவும் குறைந்துவிடும். அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருப்பதால், பிள்ளைகள் அதை எண்ணிக்கொண்டே வருவார்கள். வயிறு குமட்டுகிற பிள்ளைக்கு மட்டும் ஜன்னலோர இருக்கையும், புறப்படுவதற்கு முன் அரை வயிற்றுச் சாப்பாடும் போதும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் பதிவு செய்தாக வேண்டும். நாங்கள் போனபோது ஏற்காட்டுக்கு அந்த வேலை இருக்கவில்லை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல் உள்ளது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். குளிர் என்றால் பல் கிட்டிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் மூச்சிரைப்பும் மூட்டுவலியும் உள்ளவர்களுக்கு இந்த உயரமே தோதானது. பகலில் மெல்லிய பருத்திச் சட்டை போதும். மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஸ்வெட்டரும் அம்மாவின் கம்பளிச் சால்வையும் பெட்டியை விட்டு வெளியே வந்தன.

ஏரியே ஊரின் நடுவிடம். கொடைக்கானல் ஏரியை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் இது சின்னதாகத்தான் தெரியும். அந்த ஒப்பீட்டை விட்டுவிட்டால் நல்ல ஏரி. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று எல்லாம் கிடைக்கின்றன. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது துடுப்புப் படகைத்தான், ஏனெனில் மிதிபடகில் பத்து நிமிடம் வரை உற்சாகமாக மிதிக்கும் பிள்ளைகள் ஏரியின் நடுவில் கால் வலிக்கிறது என்று கைவிட்டுவிட, மிச்ச தூரம் முழுவதும் அப்பாவின் தலையில் விடியும். துடுப்புப் படகில் படகோட்டி இருக்கிறார். எந்தப் பருவத்தில் தண்ணீர் வழியும், எந்தக் கரையில் பனி முதலில் இறங்கும் என்று கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் நிதானமாகப் பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவதே தனிச் சுகம். கரையை ஒட்டியே அண்ணா பூங்கா இருப்பதால், படகில் ஏற விரும்பாத பெரியவர்கள் அங்கே உட்கார்ந்துகொள்ளலாம். ஏரிச் சாலையில் வரிசையாக மிளகாய் பஜ்ஜிக் கடைகள் இருக்கின்றன. எண்ணெயிலிருந்து எடுத்த பஜ்ஜியைக் கடைக்கார அம்மா கத்தியால் கீறி, நறுக்கிய வெங்காயத்தையும் மிளகாய்த் தூளையும் அடைத்துத் தருகிறார். பனிமூட்டத்தில் நின்றுகொண்டு அதைச் சாப்பிடும்போது இரண்டாவதை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. குரங்குகளுக்கும் அப்படித்தான் போலும். கையில் பொட்டலம் இருந்தால் தோளுக்கு மேலே ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

தங்குமிடங்களில் வாடகை பரவலாக வேறுபடுகிறது. ஏரிக்கு எதிரே அறை வேண்டும் என்றால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நான்கைந்து தெரு தள்ளிப் போனால் அதே பணத்துக்கு இரண்டு அறை கிடைக்கும். நாங்கள் தங்கிய விடுதியின் பெயர் இங்கே வேண்டாம். அறை சுத்தமாக இருந்தது, ஆட்களும் மரியாதையானவர்கள். ஆனால் வெந்நீர் காலை எட்டு மணியோடு நின்றுவிடும் என்பதை முன்பணம் வாங்கும்போது சொல்லாமல், எட்டரை மணிக்குக் குழாயைத் திறந்து பார்த்த பிறகுதான் சொன்னார்கள். குழந்தைகளோ பெரியவர்களோ உடன் இருந்தால் வெந்நீர் நேரம், படிக்கட்டு, கூடுதல் கம்பளி ஆகிய மூன்றையும் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

காட்சி முனைகளில் பெண்கள் இருக்கை எனப்படும் லேடிஸ் சீட்டுக்கு மாலையில்தான் போக வேண்டும். மலைப்பாதையின் வளைவுகள் கீழே தெரிய, இருட்டியதும் சேலம் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். பகோடா பாயிண்ட் அதற்கு நேர்மாறான பக்கத்துப் பள்ளத்தாக்கைக் காட்டுகிறது. அதற்குக் காலை நேரமே நல்லது. இரண்டையும்விட எனக்குப் பிடித்தது சேர்வராயன் கோயில். சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், மரமில்லாத புல்வெளி மேட்டில், காற்று ஓயாமல் வீசும் இடத்தில் அது இருக்கிறது. தலையைக் குனிந்து நுழைய வேண்டிய சிறிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கிறார்கள். வண்டி கோயிலுக்கு அருகிலேயே போய்விடுவதால் அம்மாவுக்குச் சிரமம் இருக்கவில்லை. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சேர்வராயன்தான் குலதெய்வம். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்கள் திரண்டு வருகின்றன.

கிளியூர் அருவியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. ஏறத்தாழ முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் அருவிதான். ஆனால் ஏரி நிரம்பி வழியும் தண்ணீரே அங்கே போய்ச் சேர்வதால், மழைக்காலத்துக்குப் பின் சில மாதங்கள் போக மற்ற நாட்களில் ஈரப் பாறையைத்தான் பார்க்க நேரிடும். இறங்கும் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடலாம்.

ஊரை விட்டு வெளியே போக ஒரே ஒரு பகல்தான் கிடைக்கிறது என்றால், அதை 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலைக்கு ஒதுக்குங்கள். சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் கொண்டுவந்து நட்ட காபி இன்று இந்த மலையின் பெரும்பகுதியை மூடியிருக்கிறது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபிச் செடி, அந்த மரங்களின் மேலேயே படர்ந்தேறும் மிளகுக் கொடி என்று இரண்டு விளைச்சல் ஒரே நிலத்தில் நடப்பதைப் பிள்ளைகளுக்கு வண்டியை நிறுத்திக் காட்டினோம். நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் போனால் செடியில் சிவந்த பழங்களைப் பார்க்கலாம். தோட்டத்து ஓரங்களில் காட்டெருமைகள் மேய்வதும் உண்டு. எட்ட நின்று பார்ப்பதோடு சரி.

காபித் தூளை ஏரிக்கரை நினைவுப் பொருள் கடைகளில் அடைத்து வைத்த பொட்டலமாக வாங்காமல், கடைவீதியில் கண்முன்னே அரைத்துத் தரும் கடைகளில் வாங்குவதே சரி. நாங்கள் போன கடையில் இருந்த பெரியவர், “பீபெரியா, பிளாண்டேஷனாம்மா? சிக்கரி போடணுமா?” என்று கொட்டை வகையையும் கலவையையும் அம்மாவிடம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வறுத்த கொட்டையில் நாலைந்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். அம்மா சிக்கரி இல்லாமல் பாதி, எண்பதுக்கு இருபது கலந்து பாதி என்று வாங்கிக்கொண்டார்.

செடிகொடிகளில் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு, இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-இல் அமைத்த தேசிய ஆர்க்கிட் பூங்கா பிடிக்கும். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியை எங்கள் சின்னவன் விட்டு வரவே மறுத்தான். திறந்திருக்கும் நேரத்தை விடுதியில் விசாரித்துவிட்டுப் போகலாம்.

சனி, ஞாயிறுகளில் இந்த ஊருக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெங்களூரு, சேலம், ஈரோடு வண்டிகள் ஒன்றாக ஏறிவிட்டால் ஏரிச் சாலையில் நடக்கவும் இடமிருக்காது. சின்ன ஊர் என்பதன் மறுபக்கம் அது. மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் பார்க்கத் தகுந்தவைதாம் என்றாலும், அப்போது அறை வாடகை ஏறிவிடுவதால் மலிவான ஊர் என்ற கணக்கு பொய்த்துப்போகும். பருவமழைக் காலத்தில் புறப்படுகிறவர்கள் முதல்நாள் செய்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சொந்த வண்டியில் வருகிறவர்கள் திரும்பும்போது குப்பனூர் வழியாக இறங்கலாம். தூரம் சற்றுக் கூடுதல். கொண்டை ஊசி வளைவுகள் குறைவு என்பதால் பின் இருக்கையில் இருப்பவர்கள் தூங்கிக்கொண்டே இறங்கிவிடுவார்கள்.