மாற்று லிங்க்கை எப்படி ஒதுக்கி வைப்பது: ப்ரீபெண்டா, கம்யூனிட்டியா, நிபந்தனை அறிவிப்பா?

ஒரு நிறுவனத்திடம் 203.0.113.0/24 என்ற சொந்த முகவரித் தொகுதி இருக்கிறது. இரண்டு ஐஎஸ்பிகளோடு (இணையச் சேவை நிறுவனங்கள்) பிஜிபி இணைப்பு; வலையமைப்புகள் தங்கள் முகவரிகளுக்கான ரூட்களை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் நெறிமுறை அது. முதன்மை லிங்க் 1 ஜிபிபிஎஸ். மாற்று லிங்க் 100 எம்பிபிஎஸ், அதற்குப் பயன்பாட்டைப் பொறுத்துக் கட்டணம். வெளியே போகும் டிராஃபிக்கை லோக்கல்-ப்ரெஃபரன்ஸ் (ஒரு வலையமைப்பு தனக்குள் ரூட்டுக்குக் கொடுக்கும் மதிப்பு; அதிகமானதே வெல்லும்) வைத்து நாமே திருப்பிவிடலாம். உள்ளே வருவது எந்த வழியில் வர வேண்டும் என்பதை மற்றவர்களின் ரூட்டர்கள்தான் தீர்மானிக்கின்றன. அதற்கு நான்கு வழிகள் உண்டு. நான்கும் ஒரே தரம் அல்ல.

ஏஎஸ்-பாத் ப்ரீபெண்ட்

எளிதானது, ஆனால் பலவீனமானது. மாற்று ஐஎஸ்பிக்கு அறிவிக்கும்போது நம் ஏஎஸ் எண்ணை (பிஜிபியில் நம் வலையமைப்பின் அடையாள எண்) மூன்று நான்கு முறை சேர்த்துப் பாதையை நீளமாகக் காட்டுகிறோம். ஆனால் பிஜிபியில் பாதை நீளத்துக்கு முன்பே லோக்கல்-ப்ரெஃபரன்ஸ் பார்க்கப்படுகிறது. வாடிக்கையாளரிடமிருந்து வரும் ரூட்டுக்குப் பெரும்பாலான ஐஎஸ்பிகள் அதிக மதிப்பு கொடுக்கின்றன. எனவே மாற்று ஐஎஸ்பியின் பிற வாடிக்கையாளர்கள், நீங்கள் பத்து முறை ப்ரீபெண்ட் செய்தாலும், மாற்று லிங்க் வழியாகவே வருவார்கள்.

ஐஎஸ்பியின் கம்யூனிட்டி

அந்த ஓட்டையை அடைப்பது இதுதான். கம்யூனிட்டி என்பது ரூட்டோடு சேர்த்து அனுப்பும் ஒரு குறி. 1996 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 1998 என்ற எண்ணுள்ள இணையத் தொழில்நுட்ப ஆவணம் விவரிக்கும் முறை: வாடிக்கையாளர் 3561:70 என்று குறியிட்டு அனுப்பினால் எம்சிஐ என்ற அன்றைய அமெரிக்க ஐஎஸ்பி தன் வலையமைப்புக்குள் லோக்கல்-ப்ரெஃபரன்ஸை 70 ஆக்கும், குறியில்லாவிட்டால் 100. இன்றும் பல ஐஎஸ்பிகள் இப்படியொரு பட்டியல் வைத்திருக்கின்றன. மாற்று ரூட் எப்போதும் அறிவிப்பில் இருப்பதால், முதன்மை விழுந்ததும் மாற்று ஐஎஸ்பி தன்னிடம் ஏற்கெனவே உள்ள ரூட்டுக்கு மாறிக்கொள்கிறது. முடிந்தவரை இதையே முதலில் கேட்டுப் பாருங்கள்.

சிறு பிரிஃபிக்ஸாக உடைத்தல்

பிரிஃபிக்ஸ் என்பது /24 போல அறிவிக்கப்படும் முகவரித் தொகுதி; பெரியதும் சிறியதும் இருந்தால் ரூட்டர்கள் சிறியதையே பின்பற்றும். /23 (இரண்டு /24 அளவு) இருந்தால் முதன்மையில் இரண்டு /24, மாற்றில் /23 மட்டும். நன்றாக வேலை செய்யும். /24 மட்டுமே உள்ளவர்களுக்கு இது பயன்படாது, ஏனெனில் /25ஐ இணையத்தில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. இரண்டு /24களுக்கும் ரோவா பதிவு (அந்தத் தொகுதியை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்ற சான்று) இருக்க வேண்டும். /23க்கு மட்டும் இருந்தால் அவை செல்லாதவையாகிவிடும்.

நிபந்தனை அறிவிப்பு

முதன்மை விழும்வரை மாற்று வழியில் ரூட்டை அறிவிக்காமலே இருக்கிறோம். அதுவரை அங்கே ஒரு பாக்கெட்கூட வரக்கூடாது என்றால் மட்டுமே இது. இரண்டு டேட்டா சென்டர்கள் ஒரே பிரிஃபிக்ஸை அறிவிக்கும் அமைப்பு சரியான உதாரணம்: உறங்கும் தளத்துக்குச் சிறு டிராஃபிக் போனாலும் செஷன்கள் உடையும்.

சிஸ்கோ ரூட்டர்களின் ஐஓஎஸ் மென்பொருளில் மாற்று ஐஎஸ்பியின் நெய்பர் (பிஜிபி எதிர்முனை) வரியில் அட்வர்டைஸ்-மேப், நான்-எக்ஸிஸ்ட்-மேப் என இரண்டு ரூட்-மேப்களை (ரூட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள்) கட்டுகிறோம். முதலாவது நாம் அறிவிக்க வேண்டிய 203.0.113.0/24. இரண்டாவது கண்காணிக்கும் பிரிஃபிக்ஸ். அது பிஜிபி அட்டவணையில் இல்லாமல் போனால்தான் அறிவிப்பு வெளியே போகும். நம் /24ம் பிஜிபி அட்டவணையில் இருந்தாக வேண்டும். அட்வர்டைஸ்-மேப்பில் சேராத ரூட்கள் வழக்கம்போல வெளியேறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிச்செல்லும் பிரிஃபிக்ஸ்-லிஸ்ட்டில் சொந்தத் தொகுதியை மட்டும் அனுமதிக்காவிட்டால், முதன்மை ஐஎஸ்பியிடம் கற்ற ரூட்களையெல்லாம் மாற்று ஐஎஸ்பிக்குக் கசியவிடுவோம்.

எஃப்ஆர்ஆர் என்ற திறந்த மூல ரூட்டிங் மென்பொருளிலும் ஏறக்குறைய இதே கட்டளை. இரண்டிலும் நிபந்தனையை இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறை சரிபார்க்கும். எஃப்ஆர்ஆரில் இதை 5 முதல் 240 விநாடி வரை மாற்றலாம். ஜூனிப்பர் ரூட்டர்களின் ஜூனோஸில் தனிக் கட்டளை இல்லை. பாலிசிக்குள் இஃப்-ரூட்-எக்ஸிஸ்ட்ஸ் என்ற கண்டிஷனை எழுதி, கண்காணிக்கும் ரூட் இருந்தால் ரிஜெக்ட், அடுத்த டேர்மில் அக்செப்ட் என்று வரிசைப்படுத்த வேண்டும்.

எந்தப் பிரிஃபிக்ஸைக் கண்காணிப்பது என்பதில்தான் பெரும்பாலான அமைப்புகள் தோற்கின்றன. டிஃபால்ட் ரூட்டை (வேறு ரூட் இல்லாத எல்லா முகவரிகளுக்குமான பொது வழி) கண்காணிக்காதீர்கள். ஐஎஸ்பியின் எட்ஜ் ரூட்டர் அதைத் தானே உருவாக்கித் தருவதாக இருந்தால், அதற்கு மேலே எல்லாம் அறுந்தாலும் டிஃபால்ட் அப்படியே நிற்கும். ரூட் டிஎன்எஸ் சர்வர்களின் எனிகாஸ்ட் பிரிஃபிக்ஸ்களும் (ஒரே முகவரியைப் பல ஊர்களில் உள்ள நகல்கள் அறிவிப்பவை) ஏமாற்றலாம்; அதே ஊரில் ஒரு நகல் இருந்தால் வெளி உலகம் துண்டிக்கப்பட்டது தெரியாது. முதன்மை ஐஎஸ்பிக்கு அப்பால் உள்ள, நிலையான, எனிகாஸ்ட் அல்லாத இரண்டு மூன்று பிரிஃபிக்ஸ்களை ஒரே லிஸ்ட்டில் வையுங்கள். ஒன்று மட்டும் பராமரிப்புக்காக மறைந்தால் எதுவும் ஆகாது. எல்லாம் மறைந்தால்தான் மாற்று எழும்.

அதே பிரிஃபிக்ஸ்கள் மாற்று ஐஎஸ்பியிடமிருந்தும் வந்தால் நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. முதன்மை செத்துக் கிடக்க, ரூட்டர் ‘ரூட் இருக்கிறதே’ என்று அறிவிக்காமலே இருக்கும். தீர்வு: மாற்று நெய்பரின் உள்வரும் ஃபில்டரில் அவற்றை மட்டும் மறுத்துவிடுங்கள். தேவைப்படும்போது அந்த முகவரிகளுக்கு மாற்று ஐஎஸ்பி தரும் டிஃபால்ட் போதும்.

இரண்டு ரூட்டர்கள் இருந்தால், மாற்று ரூட்டர் இந்த ரூட்களை ஐபிஜிபி (ஒரே நிறுவனத்தின் ரூட்டர்களுக்கிடையேயான பிஜிபி) வழியாகத்தான் அறிகிறது. அவற்றுக்கிடையே ஒரே கேபிள் இருந்து அது அறுந்தால், முதன்மை நன்றாக இருக்கும்போதே மாற்றும் அறிவிக்கத் தொடங்கும். தனித்தனிப் பாதையில் இரண்டு கேபிள்கள் போட்டு, ஐபிஜிபியை லூப்பேக் முகவரிகளுக்கிடையே (எந்தக் கேபிளையும் சாராத, ரூட்டரின் சொந்த முகவரிகள்) அமையுங்கள்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். ஐஓஎஸ் இயல்பு ஹோல்ட் டைம் (எதிர்முனையிடமிருந்து எதுவும் வராவிட்டால் இணைப்பை முறிக்கும்வரை காத்திருக்கும் நேரம்) 180 விநாடி. இன்டர்ஃபேஸ் விழாமல் எதிர்முனை மட்டும் மௌனமானால் 180 விநாடி, அதன் மேல் நிபந்தனைச் சரிபார்ப்புக்கு 60 விநாடி. 4 நிமிடம் வரை போகலாம், அதற்குப் பிறகுதான் உலகுக்குப் பரவும். 300 மில்லிவிநாடி இடைவெளி, 3 தவறல் என்று பிஎஃப்டி (எதிர்முனை உயிரோடு உள்ளதா என வேகமாகச் சோதிக்கும் நெறிமுறை) வைத்தால் முதல் பகுதி ஒரு விநாடிக்குள் அடங்கும். கம்யூனிட்டி முறையில் இரண்டாவது பகுதியே கிடையாது.

சோதிக்கும்போது கேபிளைப் பிடுங்காமல் முதன்மை நெய்பரை ஷட்டவுன் செய்யுங்கள். மாற்று நெய்பரின் ஷோ வெளியீட்டில் நிலை வித்ட்ராவிலிருந்து அட்வர்டைஸுக்கு மாற வேண்டும். பிறகு ரூட்வியூஸ் அல்லது ரைப் ஆர்ஐஎஸ் போன்ற வெளிப்பார்வையில் உங்கள் /24 புதிய பாதையில் தெரிகிறதா பாருங்கள். ரூட்டர் அறிவித்தும் வெளியே தெரியாவிட்டால், மாற்று ஐஎஸ்பி தன் ஃபில்டரில் உங்கள் பிரிஃபிக்ஸைச் சேர்க்கவே இல்லை என்பதே வழக்கமான காரணம். இதுவரை ஒருமுறையும் அறிவிக்காத ரூட் என்பதால் அந்தக் குறை அதுநாள் வரை யார் கண்ணிலும் படாது. ஒப்பந்தம் கையெழுத்தான வாரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.