14 அங்குலக் கம்பிக் கூடை: சட்டம் நிற்கிறது, நார்தான் காலை வாருகிறது

வசந்தத்தில் பால்கனியிலோ வாசல் முகப்பிலோ பூ தொங்கவிட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கம்பிக் கூடையைத்தான். அரைக்கோளமாக வளைத்த கம்பிச் சட்டம், உள்ளே கிண்ணம்போல் அழுத்திய தேங்காய் நார், மேலே மூன்று சங்கிலி, ஒரு கொக்கி. எந்தப் பெயர் ஒட்டி விற்றாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சில பெட்டிகளில் சுவர் பிராக்கெட்டும் சோலார் விளக்குச் சரமும் சேர்ந்து வரும். இங்கே பார்ப்பது 14 அங்குல அளவு.

12 அங்குலக் கூடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. மண் போடும்போதுதான் தெரியும். நாரின் ஒரு செ.மீ. தடிமனையும், தண்ணீர் ஊற்ற மேலே விடும் 2 செ.மீ. இடத்தையும் கழித்தால் 12 அங்குலத்தில் மிஞ்சுவது 5 லிட்டருக்கும் குறைவு. 14 அங்குலத்தில் 8 லிட்டர் கிடைக்கும். வெயில் ஏறும் நாட்களில் இந்த 3 லிட்டர்தான் மாலை நான்கு மணிக்குச் செடி நிமிர்ந்து நிற்குமா, தலை தொங்குமா என்பதை முடிவுசெய்கிறது. இந்தக் கணக்கு ஆழம் 17, 18 செ.மீ. உள்ள கூடைக்கு. அதே விட்டத்தில் 13, 14 செ.மீ. ஆழத்தில் தட்டையாக வருபவையும் உண்டு. அட்டைப்பெட்டியில் விட்டத்தை மட்டும் பெரிதாக அச்சடித்து ஆழத்தைப் போடாமல் விட்டிருந்தால் வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பது நல்லது.

சட்டத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. விளிம்பு வளையம் தடித்த கம்பி, குறுக்குக் கம்பிகள் மெல்லியவை, மேலே கறுப்பு அல்லது பச்சைப் பூச்சு. பார்க்க வேண்டியது பற்றவைத்த இடங்களை. கட்டைவிரலால் ஒவ்வொரு முனையையும் அழுத்தினால் ஆட்டம் இருக்கக் கூடாது. துரு முதலில் பிடிப்பது விளிம்பில், சங்கிலிக் கொக்கி உட்காரும் மூன்று இடங்களில். காற்றில் கூடை ஆட ஆட, கொக்கி பூச்சைச் சுரண்டிவிடும். பழைய ரப்பர் குழாயில் 2 செ.மீ. நீளத் துண்டுகள் வெட்டி, ஒரு பக்கம் பிளந்து, அந்த இடங்களில் மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை.

சங்கிலி வேறு கதை. கண்ணிகள் பற்றவைத்தவை அல்ல, வளைத்து மூடியவை. மேலே மூன்று சங்கிலியும் சேரும் வளையத்தில் தலைமயிர் அளவு இடைவெளி இருந்தாலும் பாரம் ஏறியதும் வாய் திறக்கும். கூடை தரையில் விழுந்தால் பழி கொக்கி மீது போகும், அறுந்தது பெரும்பாலும் இந்த வளையமாகத்தான் இருக்கும். மாட்டுவதற்கு முன் கட்டிங் பிளேயரால் எல்லாக் கண்ணிகளையும் ஒருமுறை அழுத்தி மூடிவிடுங்கள்.

பாரம் எவ்வளவு என்பதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மண்ணுக்குப் பதில் போடும் 8 லிட்டர் இலேசான கலவை, செடி, சட்டம் எல்லாம் சேர்த்துத் தண்ணீர் விட்ட கையோடு தூக்கினால் 9, 10 கிலோ வரும். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் 15 கிலோவைத் தாண்டும். போதாக்குறைக்கு அது கட்டியாக இறுகி வேருக்குக் காற்றே போகாது.

பெட்டியோடு வரும் பிராக்கெட்டின் கை நீளத்தை அளந்து பாருங்கள். கூடையின் ஆரம் கிட்டத்தட்ட 18 செ.மீ. கை 22 செ.மீ. மட்டுமே இருந்தால் சுவருக்கும் கூடைக்கும் நடுவே நான்கு விரல் இடம்கூட இருக்காது. அந்தப் பக்கத்துச் செடி சுவரில் உரசிக் கருகும். 30 செ.மீ. கை இருந்தால் நிம்மதி. ஆனால் கை நீள நீள மேல் ஸ்க்ரூ மீது இழுப்பும் கூடும். 10 கிலோ கூடை 30 செ.மீ. தள்ளித் தொங்க, இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவே 15 செ.மீ. இருந்தால், மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை 20 கிலோ எடைக்குச் சமம். கூடவே தரும் 25 மி.மீ. ஸ்க்ரூவில் பாதி நீளம் சிமெண்ட் பூச்சிலேயே போய்விடும், செங்கல்லுக்குள் இறங்குவது மீதிதான். அதை ஓரமாக வைத்துவிட்டு 8 மி.மீ. பிளக்கும் 60 மி.மீ. ஸ்க்ரூவும் போடுங்கள். துளை செங்கல்லின் நடுவில் விழ வேண்டும், இரண்டு கல் சேரும் இணைப்பில் அல்ல.

இனி நார். இந்தப் பொருளின் அழகும் அதுதான், தலைவலியும் அதுதான். புதிதாக இருக்கும்போது பொன்னிறமாகக் கண்ணைப் பறிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் தண்ணீரோடு கலவையும் கரைந்து தரையில் சொட்டும். தடிமன் சரியாக இருந்தாலும் ஒரு குணம் மாறாது. நார்க் கூடையில் ஈரம் மேற்புறத்தில் மட்டும் ஆவியாவதில்லை, சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஆவியாகிறது. ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் கலவை சுருங்கி நாரை விட்டு விலகும். அதன் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி அடியில் கொட்டிவிடும். கீழே சொட்டுவதைப் பார்த்து நனைந்துவிட்டது என்று நினைப்போம், உள்ளே வேர் வறண்டு கிடக்கும். அந்த நிலையில் மேலிருந்து ஊற்றிப் பயனில்லை. கூடையை இறக்கி ஒரு பெரிய வாளித் தண்ணீரில் பாதி உயரம் மூழ்கும்படி அரைமணி நேரம் வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுக்கலாம்.

இதைத் தடுக்க, நாருக்கும் கலவைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். உரம் வந்த பழைய பையை 45 செ.மீ. விட்டத்துக்கு வட்டமாக வெட்டி உள்ளே விரித்தால் விளிம்புக்குச் சில விரல் கீழே வந்து நிற்கும், வெளியே தெரியாது. அடிப்பகுதியில் பென்சில் தடிமனுக்கு எட்டு, பத்து துளை போடுவது கட்டாயம். துளை போடாமல் விட்டால் சில நாட்களில் அடி இலை மஞ்சளாகும், மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும், வேர் பழுப்பாகிக் குழைந்துவிடும். துளையோடு தாள் போட்ட கூடை, வெயில் நாட்களில் இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளைத் தண்ணீரில் சமாளிக்கும். இத்தனை எளிய ஒன்றைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கத் தயாரிப்பாளர்களுக்கு ஏன் மனம் வருவதில்லையோ!

கலவைக்கு 5 லிட்டர் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), 2 லிட்டர் மண்புழு உரம், 1 லிட்டர் பெர்லைட் (சூட்டில் பொரிந்த எரிமலைப் பாறையின் இலேசான வெள்ளைக் குருணை). 650 கிராம் கோகோபீட் கட்டி ஒன்று சுமார் 4 லிட்டர் தண்ணீர் குடித்து 8 லிட்டருக்கு உப்பும், ஒரு கூடைக்குத் தாராளம். கோகோபீட்டில் உப்பு தங்கியிருக்கும் என்பதால் ஊறவைத்துப் பிழிவதை இரண்டு முறை செய்யுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டால் நாற்று நட்ட பத்தாம் நாள் இலை ஓரம் கருகும், நாம் வெயிலைத் திட்டிக்கொண்டிருப்போம். மெதுவாகக் கரையும் 14-14-14 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) 25 கிராம் சேர்த்துக் கிளறினால் அடுத்த சில வாரங்களுக்குக் கவலையில்லை.

கம்பிகளுக்கு நடுவே உள்ள அகலமான இடைவெளிதான் பிளாஸ்டிக் தொட்டியில் கிடைக்காத வசதி. பக்கவாட்டிலும் நடலாம் என்பதால் பூப்பந்துபோல் முழு உருண்டையாக வளரும். அடி உருண்டையாக இருப்பதால் வேலை செய்யும்போது கூடை உருளும், ஒரு வாளியின் வாயில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பாதி உயரம் வரை கலவையை நிரப்பியதும், அந்த மட்டத்தில் நாரையும் தாளையும் சேர்த்துக் கூட்டல் குறிபோல் 4 செ.மீ. கீறுங்கள். நாற்றின் இலைகளைச் செய்தித்தாளில் சுருட்டிக் குழாய்போல் ஆக்கி, உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். வேர்மண் உள்ளேயே இருக்க, தண்டு மட்டும் நாரைத் தாண்ட வேண்டும். வெளியிலிருந்து உள்ளே திணித்தால் வேர் நசுங்கும், அந்த நாற்று பிழைப்பது அபூர்வம். செய்தித்தாளை உருவியதும் கீறலைச் சுற்றி ஒரு சிட்டிகை நார் வைத்து அடைத்துவிட்டு மீதிக் கலவையை நிரப்புங்கள்.

எத்தனை செடி? 8 லிட்டருக்கு மேலே மூன்று படரும் பெட்டூனியா, பக்கத்தில் மூன்று அலிசம். இதற்கு மேல் வேண்டாம். வாங்கிய அன்றே நிறைந்து தெரிய வேண்டும் என்று எட்டு, பத்து நட்டால் ஒன்றரை மாதத்தில் உள்ளே வேர் மட்டுமே இருக்கும். ஒரே கூடையில் பான்சியும் போர்ட்டுலாகாவும் வைப்பதும் வீண். முன்னது குளிர்ச்சியும் ஈரமும் கேட்கும், பின்னது சுடுவெயிலும் காய்ந்த மண்ணும் கேட்கும். ஐந்து, ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடமாக இருந்தால் பெட்டூனியாவை விட்டுவிட்டு பெகோனியா பக்கம் போகலாம்.

பெட்டூனியாவில் வாடிய பூவை எடுக்கும்போது இதழை மட்டும் உருவுகிறவர்கள் அதிகம். புனல்போன்ற இதழ் ஈரத் தாள்போல வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். ஆனால் பச்சைப் புல்லிவட்டத்துக்குள் கடுகளவு சூல்பை அங்கேயே இருக்கும். அது காயாகப் பருத்து விதை கட்டத் தொடங்கினால் செடி புதுமொட்டு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். புல்லிவட்டத்துக்குக் கீழே, காம்போடு சேர்த்துக் கிள்ளுங்கள். விரல் பிசுபிசுக்கும், அது அந்தச் செடியின் இயல்பு. ஆறு வாரம் கழிந்ததும் லிட்டருக்கு ஒரு கிராம் 19-19-19 கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றலாம். நரம்பு பச்சையாகவே இருக்க, புதுத்தளிர் மட்டும் வெளிறினால் உரம் போதவில்லை என்று இன்னும் கொட்டாதீர்கள். கடினநீரால் கலவையின் காரத்தன்மை ஏறி, இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல் போயிருக்கும். வேர் எளிதில் எடுக்கும்படி பிணைத்த கீலேட் வடிவ இரும்புதான் அதற்கு மருந்து.

சோலார் சரத்துக்காகக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. சின்னத் தகட்டைக் கலவையில் குத்திவைக்கச் சொல்கிறார்கள், ஒரே மாதத்தில் இலை அதை மூடிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் தகட்டைப் பிராக்கெட்டின் மேல் கட்டி, சரத்தைச் சங்கிலியில் மட்டும் சுற்றுங்கள். செடிக்குள் விட்டால் பூ கிள்ளும்போது கம்பியும் அறுந்து வரும்.

தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத வீட்டுக்கு இந்தக் கூடை பொருந்தாது. அடியில் நீர்த்தொட்டி வைத்த பிளாஸ்டிக் கிண்ணம், அழகில் ஒருபடி கீழே என்றாலும், இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். மற்றவர்களுக்குச் சட்டம் பல ஆண்டுகள் வரும். நார் ஒரு பருவம், மிஞ்சினால் இரண்டு. பறவைகள் கூடு கட்ட உருவிக்கொண்டு போவது தனிக் கணக்கு. மாற்று நார் வாங்கும்போது சட்டத்தின் ஆழத்தையும் அளந்துகொண்டு போங்கள். ஆழம் கூடிய நார் உள்பக்கம் மடிந்து நிற்கும், அந்த மடிப்பை ஆங்காங்கே முக்கோணமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தால் உட்காரும். கழற்றிய பழைய நாரைத் துண்டாக நறுக்கி, மற்றத் தொட்டிகளில் செடியைச் சுற்றி மூடாக்காகப் பரப்பிவிடலாம், தண்டில் மட்டும் ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி.