ஃபேர்ம்வெயரை மட்டும் புதுப்பிக்க எந்த வழி? மலைநாட்டு டேட்டா கணக்கோடு ஓர் ஒப்பீடு

கம்பெனி ஓஎஸ்ஸுக்குப் பதிலாகப் போடும் ஆண்ட்ராய்டு வடிவமான லினியேஜ் ஓஎஸ் போட்ட போனுக்கு அப்டேட் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். ஆனால் ஃபேர்ம்வெயர், அதாவது போனின் பாகங்களை நேரடியாக இயக்கும் அடிமட்ட மென்பொருள், வேறு கதை. மொடம் (சிக்னலுக்கு), புளூடூத், டிரஸ்ட்சோன் (ரகசியங்களைக் காப்பது), பூட்லோடர் (போனை எழுப்புவது) எல்லாம் தனித்தனிப் பார்ட்டிஷன்களில், அதாவது சேமிப்பகப் பிரிவுகளில், இருப்பவை. பல மொடல்களில் லினியேஜ் அவற்றைத் தொடுவதேயில்லை. கம்பெனி ஓஎஸ்ஸைக் கழற்றிய அன்றைக்கு இருந்தபடியே கிடக்கும். பிக்ஸல் போன்ற சிலவற்றுக்கு லினியேஜே சேர்த்துத் தருகிறது. உங்கள் மொடலின் விக்கிப் பக்கத்தை முதலில் பாருங்கள். சேர்த்துத் தருகிறது என்றால் மிச்சத்தை வாசிக்க வேண்டாம்.

முதல் வழி, கம்பெனி ஓஎஸ்ஸுக்கு முழுக்கத் திரும்பி, அப்டேட் எடுத்து, மறுபடி லினியேஜ் போடுவது. பல ஜிபி இறக்க வேண்டும், போனில் உள்ளதெல்லாம் அழியும். தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் ரீலோட் போட்டு டேட்டா பாவிக்கிறவருக்கு இது கட்டாது. ஷவோமி என்றால் இன்னொரு பொறியும் உண்டு: மி பிளாஷ் மென்பொருளில் 'அழித்துப் பூட்டு' என்ற தெரிவு பெரும்பாலும் தானாகவே விழுந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் பூட்லோடர் பூட்டிக்கொள்ளும். கைமாறி வந்த, வரலாறு தெரியாத போனுக்கு மட்டும் இந்த வழியைச் சொல்வேன்.

இரண்டாவது, ரிகவரி ஜிப்பிலிருந்து (ஓஎஸ் எழும்பாமலே திறக்கும் ரிகவரித் திரை வழியாகப் போடும் கம்பெனி அப்டேட் கோப்பு) ஃபேர்ம்வெயரை மட்டும் பிரிப்பது. ரெட்மி நோட் 7 காலத்துப் போன்களுக்குப் பொருந்தும். ஜிப்பைத் திறந்தால் ஃபேர்ம்வெயர்-அப்டேட் என்றொரு ஃபோல்டர். அதை வைத்துக்கொண்டு சிஸ்டம், வெண்டர், பூட் கோப்புகளை நீக்கி, அப்டேட்டர் ஸ்கிரிப்டில் (எதை எங்கே எழுதுவது என்ற கட்டளைப் பட்டியல்) அவற்றுக்கான வரிகளையும் எடுத்துவிட வேண்டும். மொடலைச் சரிபார்க்கும் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். மிஞ்சுவது சின்ன ஜிப். ஹட்டன் டவுனில் ஃபைபர் இணைப்பு உள்ள ஒருவர் செய்தால், அதே மொடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் மெமரி கார்டில் கொடுத்துவிடலாம். கொம்பியூட்டர் இல்லாமல் ரிகவரியிலேயே போடலாம் என்பது இதன் பெரிய வசதி.

மூன்றாவது, புதிய போன்களுக்கு. இவற்றில் எல்லாமே பேலோட் என்ற ஒரே கோப்புக்குள் அடைபட்டிருக்கும். பிரிக்க பேலோட் டம்பர் கருவி வேண்டும். அதன் சில வடிவங்கள் முழு ஜிப்பையும் இறக்காமல், இணைப்பு முகவரியைக் கொடுத்தாலே தேவையான பார்ட்டிஷனை மட்டும் இழுத்துவரும். டேட்டா தட்டுப்பாடுள்ள நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! சிக்கல் அடுத்த கட்டத்தில். இந்தப் போன்களில் ஏ, பி என இரண்டு ஸ்லொட், அதாவது பார்ட்டிஷன்களுக்கு இரண்டிரண்டு பிரதிகள். ஒன்றில் புதிதும் மற்றதில் பழையதுமாக விட்டால், அடுத்த லினியேஜ் அப்டேட் ஸ்லொட் மாறும்போது போன் எழும்பாமலே போகலாம். பாஸ்ட்பூட்டில் (கொம்பியூட்டரிலிருந்து கேபிள் வழியாகப் பார்ட்டிஷன்களை எழுதும் நிலை) இரண்டிலும் எழுதுங்கள். மொடம் ஒரு வெளியீட்டிலும் பூட்லோடர் வேறொன்றிலும் என்று கலக்கவும் வேண்டாம். மடிக்கணினியில் பற்றரி நிறைய இருக்கட்டும். ஏப்ரல், ஒக்டோபர் பின்னேரங்களில் இடி விழுந்தால் கரண்ட் இருக்குமா போகுமா என்று எவருக்கும் தெரியாது.

எந்த வழியானாலும் பெர்சிஸ்ட், மொடம்எஸ்டி பார்ட்டிஷன்கள் பக்கம் போகாதீர்கள். ஐஎம்இஐயும் சென்சர் அளவீடுகளும் அங்கேதான். ஷவோமியின் பாஸ்ட்பூட் தொகுப்பில் பெர்சிஸ்ட் கோப்பும் கிடக்கும், கண்டாலும் விட்டுவிடுங்கள். பழைய பதிப்புக்கு இறங்கவும் வேண்டாம். 2018இல் ரெட்மி நோட் 5 புரோ வைத்திருந்தவர்கள் பலர் பழைய பதிப்பைத் தடுக்கும் அன்டி ரோல்பேக்கில் சிக்கிப் போனையே இழந்தார்கள்.

புது மொடம் கோப்பு போட்டால் சிக்னல் பாய்ந்து வரும் என்று நம்பிச் செய்கிறவர்களும் உண்டு. வோல்ட்டி (4ஜி வழியான) அழைப்பு அறுவது, டவர் மாறும்போது 4ஜி விழுவது போன்றவை சில வேளை சரியாகும். மலை மறைத்த பள்ளத்து லயத்துக்கு டயலொக்கோ மொபிடெலோ டவர் போட்டால்தான் உண்டு. இதைச் செய்ய எனக்குப் பெரிய காரணம் பாதுகாப்புத் திருத்தங்கள்: மொடத்திலும் டிரஸ்ட்சோனிலும் உள்ள ஓட்டைகளை லினியேஜால் அடைக்க முடியாது.

என் தெரிவு: பழைய போனுக்கு இரண்டாவது, புதியதற்கு மூன்றாவது. சம்சுங்காரர்கள் தனி உலகம். சம்சுங் போனில் மென்பொருள் போடும் ஓடின் கருவிக்குப் பிஎல் (பூட்லோடர்), சிபி (மொடம்) கோப்புகள் ஏற்கெனவே பிரிந்தே வருவதால் ஏபியை (ஓஎஸ் உள்ள கோப்பு) விட்டுவிட்டு அவை இரண்டையும் போட்டால் போதும்.