தமிழ் எம்.ஏ.வா, மொழியியலா? காரைக்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

மொழியியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "அப்போ எத்தனை பாஷை பேசுவே?" ஒன்றே போதும். பல மொழி கற்கும் படிப்பல்ல இது. மொழி எப்படி இயங்குகிறது என்று துருவும் படிப்பு.

நம்ம வீட்டுச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நகரத்தார் வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா. கொங்குப் பக்கம் அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர். ஒரே சாடையுள்ள இரு சொற்கள் ஏன் இப்படித் தலைமுறை மாறி நிற்கின்றன? கல்யாணப் பந்தியில் வரும் கவுனி அரிசிக்கும், பசையரிசியைப் பர்மியர் சொல்லும் 'கௌக் ஞின்'னுக்கும் என்ன உறவு? பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்களோடு கப்பலேறிய சொல் என்றால், வழியில் எந்த ஒலி தேய்ந்தது? இந்தக் கேள்விகள் மொழியியலுக்கு உரியவை. எழுத்துகள் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலைத் தமிழ் வகுப்பில் உரையோடு படிப்பார்கள். மொழியியல் வகுப்பில் 'ழ' சொல்லும்போது நாக்கு எங்கே வளைகிறது என்று ஒலிப்பதிவு செய்தே பார்ப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் ருசி.

ஆனால் சம்பளம் என்று வந்தால் தமிழ் எம்.ஏ. கை ஓங்கும். பி.எட். சேர்த்தால் பள்ளி வேலைக்கு வழி உண்டு. பள்ளியில் மொழியியல் என்று ஒரு பாடமே கிடையாது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரிக்கோ ஆய்வுக்கோதான் போகவேண்டும். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் தொடங்கிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை உண்டு. மைசூரில் 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. அகராதி, மொழிபெயர்ப்பு, அழியும் மொழிகளைப் பதிவுசெய்தல் எல்லாம் அந்தப் பக்கம்.

கணினிக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு இப்போது கிராக்கி. அதற்கு நிரல் எழுதவும் தெரிய வேண்டும். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் கணினியியலையும் மொழியியலையும் சேர்த்தே படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பேச்சுக் குறைபாட்டைச் சரிசெய்யும் பயிற்சியாளர் ஆக மொழியியல் எம்.ஏ. போதாது. அதற்குத் தனிப் பட்டம், பிளஸ் டூவில் அறிவியல் பாடம் எல்லாம் வேண்டும்.

இன்னும் குழப்பமா? விடுமுறையில் ஆச்சியை உட்காரவைத்து, உறவுமுறைச் சொற்களை அவர் சொல்கிறபடியே எழுதிப் பாருங்கள். இருபதாவது சொல்லில் கொட்டாவி வந்தால் தமிழ் எம்.ஏ.வுக்கே விண்ணப்பம் போடுங்கள்.