போலீஸ் மேல் புகார்: மதுரைக்காரருக்கு எந்த வாசல்?

மீனாட்சியம்மன் கோயிலுக்கு நாலு திசையிலும் கோபுர வாசல். எதில் நுழைந்தாலும் சன்னதிக்குப் போய்விடலாம். போலீஸ் அடித்தது, எஃப்.ஐ.ஆர். போட மறுத்தது என்று மதுரையில் புகார் சொல்லப் போகிறவருக்கும் ஏறக்குறைய நாலு வாசல்தான். ஆனால் இவை ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுவதில்லை.

பக்கத்து வாசல் கமிஷனர் ஆபீஸ். செலவில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரவேண்டிய சிஎஸ்ஆர் ரசீதைத் தராமல் அலைக்கழித்தால் இங்கே ஒரு மனு போதும். மேலிருந்து போன் வந்தால் வேலை நடந்துவிடும். அடி வாங்கியவருக்கு இது சரிப்படாது. மனு இறங்கி இறங்கி, அந்த ஸ்டேஷனுக்கே மேலதிகாரியான ஒருவர் மேசையில் வந்து நிற்கும்.

இதற்காகத்தான் 2006-ல், போலீஸ் சீர்திருத்தம் கேட்டுத் தொடர்ந்த பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் போலீஸ் புகார் ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அதன் தலைவராக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டது. அதன்படி மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், உடன் எஸ்.பி.; மாநில அளவில் உள்துறைச் செயலாளர், உடன் டிஜிபி. நீதிபதியைக் காணோம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அதைச் சட்டப்பிரிவாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். நாலில் இதை மட்டும் தயங்காமல் தள்ளிவிடுவேன்.

மாநில மனித உரிமை ஆணையம் 1997-லிருந்து இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, தமிழிலேயே எழுதலாம், மதுரையிலும் முகாம் அமர்வு நடத்துகிறது. இழப்பீடு கொடுத்து அதைச் சம்பந்தப்பட்ட போலீஸ்காரரிடமே வசூலிக்கச் சொல்லும். ‘வெறும் பரிந்துரைதானே’ என்று அரசு ஒதுக்கி வைக்க முடியாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் எடுக்காது. அதன் புலனாய்வுப் பிரிவில் இருப்பவர்களும் போலீஸ்காரர்கள்தான் என்பது ஒரு நெருடல்.

கடைசி வாசல் ஒத்தக்கடைப் பக்கம், 2004-ல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை. பலம் என்றால் இதுதான். 2020-ல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடி வாங்கிய தந்தையும் மகனும் இறந்தபோது யாரும் மனுப்போடக் காத்திராமல் தானே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டுக்குப் போலீஸ் ஒத்துழைக்கவில்லை என்றதும், ஸ்டேஷனையே வருவாய்த்துறை பொறுப்பில் கொடுக்கச் சொன்னது. கமிஷனரோ கலெக்டரோ கனவிலும் போடாத உத்தரவு அது. 2025-ல் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி விசாரணையில் இறந்தபோதும் மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்க அனுப்பியது. ஆனால் இரண்டுமே உயிர் போன, ஊரே கொதித்த வழக்குகள். லாக்கப்பில் நாலு அறை வாங்கித் திரும்பிய ஆட்டோக்காரருக்கு அங்கே முதல் செலவு வக்கீல் ஃபீஸ். பெரும்பாலும் கிடைப்பது, ‘மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலியுங்கள்’ என்ற உத்தரவு. பரிசீலிக்கப் போவது யார்? பழையபடி முதல் வாசல்தான்.

கனடாவில் டொரோண்டோ நகரப் போலீஸுக்கு மேல் ஏழு பேர் கொண்ட வாரியம் உண்டு. மேயர் தரப்பும் கவுன்சிலர்களும் அதில் உட்கார்ந்து பட்ஜெட்டைப் பார்க்கிறார்கள், தலைமை அதிகாரியை நியமிக்கிறார்கள். நம் மாநகராட்சிக்குப் போலீஸ் மேல் அப்படி ஒரு பிடியும் கிடையாது. சின்ன விதிவிலக்கு: ஸ்டேஷன் கேமராக்கள் பற்றிய 2020 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் மேயருக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.

என்னைக் கேட்டால், உயிர்ச்சேதமில்லாத அடிதடிக்கு மனித உரிமை ஆணையம், மரணமோ ஆள் காணாமல் போனதோ என்றால் அன்றைக்கே ஹைகோர்ட். எங்கே போனாலும் முதல் மனுவிலேயே தேதியும் நேரமும் போட்டு, அந்த ஸ்டேஷன் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள். 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதியில்லாத இடத்திலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. கேமரா ரிப்பேர் என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.