ஸ்டாண்டுக்கு 999 டாலர், கேபிளுக்கு 129: எதற்குக் கொடுக்கலாம்?

2019 ஜூனில் ஆப்பிள் தன் புரோ டிஸ்ப்ளே எக்ஸ்டிஆர் மானிட்டரை அறிமுகப்படுத்தியபோது விலை 4,999 டாலர் என்றார்கள். கூட்டம் தாங்கிக்கொண்டது. ஸ்டாண்ட் தனி, அதற்கு 999 டாலர் என்றதும்தான் அரங்கில் சலசலப்பு கிளம்பியது. எதைக் காட்டினாலும் கைதட்டுவதற்கென்றே வந்த கூட்டம் அது!

ஸ்டாண்ட் மோசமான சரக்கா என்றால், இல்லை. லேசாகத் தள்ளினால் 12 செ.மீ. வரை ஏறி இறங்கும், விட்ட இடத்தில் நிற்கும், திரையை நெடுக்குவாட்டில் திருப்பவும் செய்யலாம். ஆனால் இதே வேலைக்கு எர்கோட்ரான் எல்எக்ஸ் என்று, மேசை விளிம்பில் பொருத்தும் மானிட்டர் ஆர்ம் ஒன்று உண்டு, சுமார் 200 டாலர். 11 கிலோ வரை தாங்கும். ஸ்டாண்ட் இல்லாத எக்ஸ்டிஆர் ஏழரைக் கிலோதான். ஆர்மில் மாட்டுவதற்கு ஆப்பிளின் வெசா அடாப்டர் என்ற இணைப்புத் தட்டு வேண்டும். அதற்கு 199 டாலர். (ஓர் உலோகத் தட்டுக்கு இந்த விலையா என்று வயிறு எரியத்தான் செய்யும்.) மொத்தம் 400. மேசையில் இடம் மிச்சம், திரையை முன்னால் இழுத்துக்கொள்ளவும் முடிகிறது. பார்வைக்கு ஸ்டாண்ட்தான் அழகு. அந்த அழகுக்கு மட்டும் 600 டாலர் என்றால் எனக்குக் கட்டுப்படியாகாது.

ஆப்பிளின் மேக் புரோ கணினிக்கான சக்கரங்களைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. தனியாக விற்றபோது நான்கும் சேர்த்து 699 டாலர். பிரேக் கிடையாது.

இதெல்லாமாவது ஒரு கணினி நிறுவனம் தானே வடிவமைத்து விற்கும் பொருள். ஃபேஷன் நிறுவனங்கள் செய்வது வேறு வியாபாரம். லூயி விட்டான் 2019-ல் ஹொரைசன் என்ற வயர்லெஸ் இயர்போனை 995 டாலருக்கு இறக்கியது. அதன் அடிப்படை மாஸ்டர் அண்ட் டைனமிக் நிறுவனத்தின் எம்டபிள்யூ07. அதை அந்த நிறுவனமே 299 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதே முத்திரை போட்ட தோல் பை இருபது வருடம் உழைக்கும், பழசானாலும் விலை போகும். இயர்போனுக்குள் இருப்பது குட்டி லித்தியம் பேட்டரி. மூன்று நான்கு வருடத்தில் அது சோர்ந்துவிட்டால் முத்திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2007-ல் பிலிப்ஸும் ஸ்வரோவ்ஸ்கியும் சேர்ந்து இதய வடிவில் விட்ட யுஎஸ்பி பென் டிரைவுக்கும் இதே கதிதான். கிரிஸ்டல் இன்றும் மின்னும், கொள்ளளவு 1 ஜிபி.

இந்த வகையில் ஓரளவு நியாயமானவை லாசி நிறுவனத்தின் போர்ஷே டிசைன் ஹார்டு டிஸ்குகள். அலுமினிய உடல், கையில் எடுத்தால் கனமாக நன்றாக இருக்கும், சாதா பிளாஸ்டிக் டிஸ்கைவிடக் கொஞ்சம்தான் விலை கூட. ஆனால் 2012-ல் ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் சீகேட், லாசியை வாங்கிவிட்டது. பளபளப்பான உறைக்குள் சுழல்வது சீகேட்டின் டிஸ்க்தான். அது படுக்க வேண்டிய நாளில் படுத்துவிடும், மேலே யார் பெயர் இருந்தாலும். பரிசாகக் கொடுக்க வாங்கலாம். கல்யாண போட்டோக்களைச் சேமிக்க என்றால் இன்னும் கொஞ்சம் காசு போட்டுச் சாதா டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டிலும் காப்பி போட்டு வையுங்கள்.

சரி, விலையைக் கேட்டு எல்லோரும் சிரித்த ஒன்றுக்கு வருவோம்: கணினியோடு டிஸ்க், மானிட்டர் போன்றவற்றை அதிவேகத்தில் இணைக்கும் ஆப்பிளின் தண்டர்போல்ட் 4 புரோ கேபிள். 1.8 மீட்டர் 129 டாலர், 3 மீட்டர் 159. 2023-ல் லூமாஃபீல்ட் என்ற நிறுவனம் இதையும் சில மலிவு யுஎஸ்பி-சி கேபிள்களையும் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. ஆப்பிள் கேபிளின் நுனியில் 24 பின்கள், அவற்றுக்குப் பின்னால் பல அடுக்கு சர்க்யூட் போர்டு. மலிவுக் கேபிள்களில் பின்களே குறைவு. சர்க்யூட் போர்டு சும்மா இல்லை: விநாடிக்கு 40 ஜிகாபிட் வேகத்தில் போகும் சிக்னல் ஒரு மீட்டருக்கு மேல் போனாலே தேய ஆரம்பிக்கும். அதை நுனியிலேயே சீர்செய்து அனுப்ப சிப் வேண்டும். நீளத்துக்கு விலை ஏறுவது அதனால்தான்.

வீடியோ எடிட் செய்பவர் 100 ஜிபி ஃபுட்டேஜை யுஎஸ்பி 2 கேபிளில் காப்பி செய்தால் அரை மணிக்கு மேல் ஆகும். இந்தக் கேபிளில் தண்டர்போல்ட் எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) அனுப்பினால் ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். அவருக்கு 129 டாலர் வீண் இல்லை. அதே கேபிளை ஐபோன் 15-ல் செருகினால்? அந்த போனின் போர்ட்டே யுஎஸ்பி 2 வேகம்தான், விநாடிக்கு 480 மெகாபிட்டைத் தாண்டாது. சார்ஜ் போட மட்டும் கேபிள் தேடுபவர் 60 வாட் என்று தெளிவாக அச்சிட்ட நல்ல கம்பெனிக் கேபிளோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம், எச்டிஎம்ஐ கேபிளைக் காட்டிக் கடைக்காரர் 'தங்க முலாம், படம் சூப்பரா வரும்' என்றால் நம்ப வேண்டாம். தங்கம் துரு பிடிக்காமல் காக்கும், அவ்வளவே.

மவுஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் 2022-ல் வந்தபோது 100 டாலர். சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினால் ஆயிரம் வரிசை எக்செல் ஷீட்டின் அடிக்கே போய்விடலாம். கண்ணாடி மேசையிலும் ஓடும். குறை, மேலே உள்ள ரப்பர் பூச்சு. நம் ஊர் வியர்வைக்கு நாளடைவில் பிசுபிசுக்கும். கிளிக் பழுதானால் திருகைக் கழற்றி ஸ்விட்சை மாற்ற சென்னை ரிச்சி தெருவில் ஆள் கிடைப்பார். ஆப்பிள் மேஜிக் மவுஸ் பார்க்க அழகு, விரலால் தடவிச் செய்யும் சைகைகள் அருமை. ஆனால் 2015 முதல் சார்ஜ் போர்ட் அடிவயிற்றில். சார்ஜ் ஏறும்போது மல்லாந்து கிடக்கும். 2024-ல் யுஎஸ்பி-சிக்கு மாறியபோதும் அதை நகர்த்தவில்லை. வெள்ளை 79 டாலர், கறுப்பு 99, நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. நாள் முழுக்க ஷீட்டுக்குள் உருட்டுபவருக்கு லாஜிடெக். மேக் சைகைகள் இல்லாமல் முடியாது என்பவருக்கு மேஜிக், அதுவும் வெள்ளை.